பழைய ஊரைத் தெருத் தெருவாகப் படிப்பது எப்படி? மதுரையை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் நான்கு வெளி வீதிகளுக்குள் அடங்கும் பழைய ஊரைச் சில வருடங்களாக நடந்து பார்த்தும் வரைந்து பார்த்தும் வருகிறேன். ஆர்க்கிடெக்சர் படிக்கும் பிள்ளைகள், ஊர் வரலாற்றுப் பைத்தியங்கள், "எங்க ஊரையும் இப்படிப் பண்ணலாமா" என்று விசாரிப்பவர்கள் என்று பலரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். மதுரைக்காரர்களுக்குச் சில பதில்கள் தெரிந்த கதையாக இருக்கும், தாண்டிப் போய்விடுங்கள்.

இடவமைப்பு ஆய்வு என்றால் என்ன? பழைய கட்டடங்களைப் பட்டியல் போடுவதா?

பட்டியல் போடுவது வேறு வேலை. அதில் ஒவ்வொரு கட்டடத்தையும் தனியாக எடுத்து, எந்தக் காலத்தது, யார் கட்டியது, தூண் என்ன பாணி என்று எழுதுவார்கள். இந்த ஆய்வில் கட்டடத்தைவிட, கட்டடங்களுக்கு நடுவே கிடக்கும் இடம்தான் முக்கியம். எந்தத் தெரு எதோடு சேர்கிறது, எது முட்டுச்சந்தாக நிற்கிறது, ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குப் போக எத்தனை தடவை திரும்ப வேண்டும், இந்த முனையில் மட்டும் ஏன் இத்தனை கடை, அடுத்த முனை ஏன் பகலிலேயே தூங்குகிறது, இதெல்லாம்தான் கேள்வி. பதில் பெரும்பாலும் தெரு சேரும் விதத்தில் இருக்கும், சில சமயம் தெருப் பெயரில் இருக்கும், சில சமயம் 200 வருடத்துக்கு முன்னால் இடித்த ஒரு சுவரில் இருக்கும்.

அதற்கு ஏன் மதுரை?

நான் இங்கே இருக்கிறேன் என்பது முதல் காரணம். இரண்டாவது, மதுரை வரைபடத்தைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் எல்லாருக்கும் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். நடுவில் மீனாட்சி கோயில், சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள், முடிந்தது. இப்படிப் பார்த்தவுடன் புரிகிற ஊர்தான் ஆளை நன்றாக ஏமாற்றும்.

அந்தச் சதுரங்கள் எத்தனை? வரிசையாகச் சொல்ல முடியுமா?

உள்ளேயிருந்து வெளியே வருவோம். கோயில் மதிலுக்கு உள்ளேயே இருப்பது ஆடி வீதி. மதிலைவிட்டு வெளியே வந்ததும் சித்திரை வீதி, அடுத்தது ஆவணி மூல வீதி, அதற்கடுத்தது மாசி வீதி. இதுவரை மாதப் பெயர். மாசியைத் தாண்டியதும் பெயரின் சுபாவமே மாறிப்போகிறது: பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி, அப்புறம் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நான்கு பக்கம். வெளியூர்க்காரர்கள் 'கீழ' என்றால் பள்ளத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிழக்கு என்று பொருள். 'மேல' என்றால் மேற்கு.

சதுரம் என்று சொன்னாலும் ஒன்றுகூடச் சரியான சதுரம் கிடையாது. உள் வளையங்கள் ஓரளவு நேராக இருக்கும், வெளியே போகப் போக வளைவும் கோணலும் கூடும். இந்தக் கோணல் பின்னால் கணக்கில் வந்து தொல்லை கொடுக்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதப் பெயர்களில் தொடங்கி நடுவில் ஏன் பெருமாள் மேஸ்திரியும் மாரட்டும் வருகிறார்கள்?

ஏனென்றால் அங்கேதான் கோட்டை இருந்தது. நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவரையும் அகழியையும் 19ஆம் நூற்றாண்டில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடித்துத் தூர்த்தார்கள். அந்த வேலையில் இருந்த சர்வேயர் மாரட், மேஸ்திரி பெருமாள் இருவரின் பெயரும் அந்த இடத்தில் போட்ட தெருக்களுக்கு வந்தது. சுவரை இடித்து நிரவுகிறவர்களுக்கே அந்த நிலம் என்று ஏற்பாடு இருந்ததாகச் சொல்வார்கள். பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குக் கம்பம்தான் விளக்குத்தூண். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் மதுரையில் ஜவுளிக்கடைதான் ஞாபகத்துக்கு வரும்.

ஆக, மாதப் பெயர் நின்று மனிதர் பெயர் தொடங்கும் கோடுதான் பழைய கோட்டையின் தடம். கல்லில் மிச்சம் வேண்டுமென்றால் கிழக்கே விட்டவாசல் இருக்கிறது, மேற்கே பெரியார் பேருந்து நிலையம் பக்கம் கொத்தளத்தின் ஒரு துண்டு இருக்கிறது. ஆனால் கல் போன பிறகும் பெயர் நிற்கிறது. எந்த ஊரானாலும் நான் முதலில் செய்வது இதைத்தான். தெருப் பெயர்களை வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு வண்ணம் கொடுத்து வரைபடத்தில் தீட்டிவிடுவேன். எழுத்தாணிக்காரத் தெரு, வளையல்காரத் தெரு, வெண்கலக்கடைத் தெரு, மஞ்சணக்காரத் தெரு எல்லாம் தொழிலுக்கு ஒரு வண்ணம், தளவாய் அக்ரகாரம், காஜிமார் தெரு மாதிரி சமூகத்தைக் காட்டும் பெயர்களுக்கு இன்னொன்று. அரண்மனையைக் காட்டும் பெயர்களுக்கு மூன்றாவது வண்ணம், அதில்தான் எனக்கு ருசி அதிகம்.

அரண்மனைப் பெயர்களில் அப்படி என்ன?

திருமலை நாயக்கர் மகால் என்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது, 1636இல் கட்டிய அரண்மனையில் ஏறக்குறைய கால் பங்குதான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும் பகுதியைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். மீதி முக்கால் பங்கு எங்கே இருந்தது? மகாலிலிருந்து வடக்கே நடந்தால் நவபத்கானா தெரு வரும், அரண்மனை வாத்தியக்காரர்களின் இடத்தைச் சொல்லும் பெயர். அப்புறம் பத்துத்தூண் சந்து. அங்கே போனால் உண்மையிலேயே பத்துத் தூண்கள் நிற்கின்றன. ஓர் ஆள் கட்டிப்பிடித்தால் கைக்குள் அடங்காத கருங்கல் தூண்கள், அவற்றைச் சுற்றிலும் துணிக்கடைகள், தூணுக்கும் கடைக்கும் நடுவில் துணிமூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடும் சுமைத்தொழிலாளிகள். தலைக்கு மேலே தூண்கள் எதையும் தாங்காமல் வெறுமனே நிற்கும். அங்கிருந்து மகால் வரை மனதில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள், அரண்மனை வளாகம் எவ்வளவு பெரிது என்று அப்போதுதான் உறைக்கும்.

இன்னொன்று, மகாலைச் சுற்றியுள்ள தெருக்கள் பழைய ஊரின் மற்ற பகுதிகளைவிட நேராக, கட்டம் கட்டமாக இருக்கும். தானாக வளர்ந்த தெரு இப்படி இருக்காது. காலியான பெரிய இடத்தை யாரோ ஒரே மூச்சில் அளந்து பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வளைந்த தெருக்களுக்கு நடுவே திடீரென்று நேர்த்தெருக்கள் கொத்தாகத் தென்பட்டால் 'முன்னால் இங்கே என்ன இருந்தது' என்று கேளுங்கள்.

சித்திரைத் திருவிழாத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது? பெயர் தப்பா?

பெயர் தப்பில்லை, திருவிழா நகர்ந்துவிட்டது. எந்த மாதத்துத் திருவிழா எந்த வீதியில் சுற்றுகிறதோ அந்த மாதம்தான் வீதிக்குப் பெயர். மாசியில் நடந்த பெருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், தேர் பெரிதானதால் அகலமான மாசி வீதியிலேயே ஓடவிட்டார்கள் என்பது மதுரையில் வழிவழியாக வரும் விளக்கம். வீதியின் பெயர் பழைய காலண்டரிலேயே நின்றுவிட்டது.

ஆய்வுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. இந்த வளையங்களைப் போக்குவரத்துக்காகப் போட்ட ரிங் ரோடு மாதிரி பார்த்தால் கணக்கு உதைக்கும். இவை ஓர் இடத்துக்குப் போய்ச் சேருவதற்கான வழிகள் கிடையாது, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்கான வழிகள். வலம் வருவதற்கு எந்தக் குறுக்குவழியும் தேவையில்லை. அன்றாட நடமாட்டத்துக்குக் குறுக்குவழிதான் உயிர், அதைக் கொடுப்பது வளையங்களை இணைக்கும் சந்துகள். படம் எடுப்பவர்கள் வளையத்தை எடுக்கிறார்கள். ஊர் நடப்பது சந்தில்.

வடம்போக்கித் தெரு என்று ஒரு பெயர் பார்த்தேன். என்ன அது?

எனக்கு இந்த ஊரிலேயே மிகப் பிடித்த பெயர். வடம் என்றால் தேர்க் கயிறு. தேர் மாசி வீதியின் முனைக்கு வந்து திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர் முனையைத் தொடுவதற்கு முன்பே கயிறும் அதைப் பிடித்திருக்கும் கூட்டமும் முனையைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். நேர் எதிரே சுவர் இருந்தால் கூட்டம் எங்கே போகும்? அதனால் முனைக்கு அப்பால் கயிறு நேராகப் போவதற்கு வழி வேண்டும். கயிறு போகிற தெரு, வடம்போக்கித் தெரு. திருவாரூர் போன்ற தேரோடும் ஊர்களிலும் இந்தப் பெயர் உண்டு.

வரைபடத்தில் பார்த்தால் இவை வளையத்தின் மூலையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒட்டுத்துண்டு மாதிரி இருக்கும், திட்டம் இல்லாமல் முளைத்தது என்று எழுதிவிடத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். அப்புறம் ஒரு தேரோட்டத்தன்று மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். தேர் பின்னால் எங்கோ நிற்கிறது, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுக்கிறார்கள், கயிறு மட்டும் முனையைத் தாண்டி நீண்டு கிடக்கிறது, பிடித்திருப்பவர்களுக்குத் தேர் கண்ணிலேயே படவில்லை, சத்தத்தை வைத்து இழுக்கிறார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எழுதியதை அடித்தேன்.

தெரு, மனை, கட்டடம் என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறார்களே, ஏன்?

இது எம்.ஆர்.ஜி. கான்சன் என்ற புவியியலாளர் வழி. இங்கிலாந்தின் வடக்கே ஆனிக் என்ற சிற்றூரை ஆராய்ந்து 1960இல் எழுதினார். மூன்றும் மூன்று வேகத்தில் மாறும் என்பதுதான் விஷயம். கட்டடம் சீக்கிரம் மாறும், மனையின் எல்லை மெதுவாக மாறும், தெரு லேசில் மாறாது. மேல மாசி வீதியில் நேற்று முளைத்த கண்ணாடிக் கடை ஒன்று நிற்கும் மனை நூறு வருடத்துக்கு முந்தையதாக இருக்கலாம், அது பார்த்து நிற்கும் தெரு நானூறு வருடத்துக்கு முந்தையதாக இருக்கலாம். கட்டடம் புதிது என்பதால் 'பழைய ஊரே போச்சு' என்று புலம்புகிறவர்கள் ஓரடுக்கை மட்டும் பார்க்கிறார்கள்.

நான் உண்மையில் பயப்படுவது மனைக்கு. பழைய ஊரின் மனைகள் முகப்பில் குறுகல், உள்ளே நீளம். முன்னால் கடையோ திண்ணையோ, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் கொல்லை. கொல்லை எப்போதோ நிறைந்துபோய்க் காம்பவுண்டு வீடுகளாகிவிட்டது, கடையை ஒட்டி ஓர் ஆள் நுழையும் அளவுக்கு நடை இருக்கும், அதற்குள் போனால் ஆறு குடும்பம், ஒரு குழாய். இப்படி மனை உள்ளுக்குள் நிரம்புவதைக் கான்சனும் ஆனிக்கில் பார்த்திருக்கிறார். அதுவரை தெருமுகம் கெடுவதில்லை. பக்கத்துப் பக்கத்து நாலு மனையை ஒருவரே வாங்கி ஒன்றாக்கி லாட்ஜ் கட்டும்போதுதான் நிஜமாக முறிகிறது. நாலு வாசல் இருந்த இடத்தில் ஒரு ஷட்டர். தெருவில் நடக்கும்போது வாசல்களை எண்ணுங்கள், எங்கே எண்ணிக்கை சட்டென்று குறைகிறதோ அங்கே மனைகள் சேர்ந்திருக்கின்றன.

'ஆழம்' என்று ஒரு கணக்கு சொல்கிறீர்களே, கணக்குப் பாடம் தெரியாதவர்களுக்குப் புரியுமா?

விரல்விட்டு எண்ணத் தெரிந்தால் போதும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பில் ஹில்லியரும் ஜூலியன் ஹான்சனும் உருவாக்கிய ஸ்பேஸ் சின்டாக்ஸ் என்ற முறையின் அடிப்படை இது. தூரத்தை மீட்டரில் அளக்காமல் திருப்பத்தில் அளப்பது. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குத் திரும்பினால் ஆழம் 1, அங்கிருந்து இன்னொன்றுக்குத் திரும்பினால் 2.

கோயிலைச் சுற்றி நான்கு தெரு மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழத்தெருவில் நின்றால் வடக்கும் தெற்கும் ஒரு திருப்பம், மேலத்தெரு இரண்டு திருப்பம். கூட்டினால் 4. மற்ற மூன்று தெருவில் நின்று எண்ணினாலும் இதே 4தான். அதாவது தனி வளையத்தில் எந்தத் தெருவுக்கும் ஒசத்தி கிடையாது, சாமி புறப்பாட்டுக்குப் பொருத்தமான அமைப்பு.

இப்போது மேலத்தெருவில் மட்டும் வெளியேயிருந்து ஒரு ரோட்டைக் கொண்டுவந்து சேருங்கள். மறுபடி எண்ணினால் மேலத்தெருவுக்கு 5, வடக்குக்கும் தெற்குக்கும் 6, கீழத்தெருவுக்கு 7, புது ரோட்டுக்கு 8. எண் குறைய குறைய எல்லா இடத்துக்கும் பக்கம் என்று பொருள். ஒரே ரோடு சேர்ந்ததில் மேலத்தெரு முதலிடத்துக்கு வந்துவிட்டது, கீழத்தெரு வளையத்திலேயே கடைசியாகிவிட்டது.

இது விளையாட்டுக் கணக்கு மட்டுமில்லை. கோயிலுக்கு முகம் கிழக்கே. கோயிலுக்கு எதிரே உள்ள தூண் மண்டபமான புதுமண்டபம் கிழக்கே, முடியாமல் நின்றுபோன ராயகோபுரம் கிழக்கே. ஆனால் 1870களில் ரயில் வந்து நின்றது மேற்கே. ஸ்டேஷன் எதிரிலிருந்து கோயிலை நோக்கி வரும் டவுன்ஹால் ரோடு, அந்தப் பக்கமே அமைந்த பேருந்து நிலையம், லாட்ஜ், சாப்பாட்டுக்கடை என்று ஊரின் வாசல் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலானோர் மீனாட்சியின் ஊருக்குள் கொல்லைப்புறமாகத்தான் நுழைகிறார்கள்.

கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைக்க வேண்டாம். அதே கணக்குப்படி பின்தங்க வேண்டிய கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் இன்றும் மூட்டை மூட்டையாக நடக்கிறது. மொத்த வியாபாரிக்கு வழிப்போக்கர் தேவையில்லை, தெரிந்த வாடிக்கையாளரும் லாரி நிற்க ராத்திரி நேரமும் போதும்.

என்ன மென்பொருள் வேண்டும்?

ஆழக் கணக்குப் போட டெப்த்மேப் எக்ஸ், வரைபடத்தைக் கையாள கியூஜிஐஎஸ், இரண்டும் இலவசம். தெருக்கோடுகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து எடுக்கலாம். எடுத்ததை அப்படியே ஓட்டிவிடாதீர்கள், வண்டி போகும் தெருக்கள் ஓரளவு சரியாக இருக்கும், சந்துகளை நடந்து சரிபார்த்தே ஆக வேண்டும். இல்லாத இணைப்பு ஒன்று இருந்தால் மொத்த முடிவும் சாயும். நான் ஒரு முடுக்கை இரண்டு பக்கமும் திறந்ததாக வரைந்துவிட்டு, அதை வைத்துப் பக்கம் பக்கமாக வியாக்கியானம் எழுதினேன். போய்ப் பார்த்தால் நடுவில் இரும்புக் கேட், பூட்டு. "அது எங்க ஐயா காலத்துலயே மூடியாச்சு தம்பி" என்றார் அந்த வீட்டம்மா.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. முன்னால் சொன்ன கோணல் இங்கேதான் வரும். நேர்ப்பார்வைக் கோடுகளாக, அதாவது ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும் நேர்கோடுகளாக வரைந்தால் லேசாக வளையும் ஒரு மாசி வீதி நாலைந்து கோடாக உடையும், நடப்பவருக்கு ஒரே வீதி, கம்ப்யூட்டருக்கு நாலு திருப்பம். அதற்குத் திருப்பத்தின் கோணத்தையும் கணக்கில் எடுக்கும் முறையைப் பயன்படுத்துங்கள். இரண்டாவது, வெளி வீதியோடு வரைபடத்தைக் கத்தரிக்காதீர்கள். வடக்கே யானைக்கல் தாண்டி வைகைமேல் 1889இல் கட்டிய ஏ.வி. பாலம், அதைத் தாண்டிக் கோரிப்பாளையம் வரையாவது சேர்த்தால்தான் வடக்குப் பக்கத் தெருக்களின் உண்மையான பலம் தெரியும். ஓரத்தில் வெட்டுப்படும் தெரு எப்போதும் நோஞ்சானாகத்தான் காட்டும்.

கோயிலைக் கறுப்பாக வரைவதா, வெள்ளையாக விடுவதா?

நல்ல கேள்வி. 1748இல் நோல்லி என்ற கட்டடக் கலைஞர் வரைந்த ரோம் வரைபடத்தில் வீடுகள் கறுப்பு, தெருக்கள் வெள்ளை. ஆனால் தேவாலயங்களின் உட்புறத்தையும் தெரு மாதிரியே வெள்ளையாக விட்டிருப்பார், பொதுமக்கள் புழங்கும் இடம் என்பதால். அதன்படி ஆடி வீதி, புதுமண்டபம் எல்லாம் வெள்ளை. புதுமண்டபத்துக்குள் வெகுகாலம் தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் இருந்தன, அண்மையில்தான் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். அதைக் கறுப்பாக வரைந்தால் ஒரு கடைத்தெருவையே அழித்த மாதிரி.

ஆனால் நடமாட்டத்துக்கு வந்தால் கதை வேறு. செருப்பை விட வேண்டும், செல்போனை ஒப்படைக்க வேண்டும், மதியம் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே தெற்குச் சித்திரை வீதியிலிருந்து வடக்குச் சித்திரை வீதிக்குப் போக யாரும் கோயிலுக்குள் புகுந்து போவதில்லை. சுற்றித்தான் போவார்கள். ஒரு பக்கம் ஏறக்குறைய 250 மீட்டர் உள்ள பெரிய கல்லைக் குறுக்கே போட்ட மாதிரிதான். நான் இரண்டு படம் வரைகிறேன், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் கறுப்பு, எந்தக் கேள்விக்கு எந்தப் படம் என்று கீழே எழுதிவிடுகிறேன்.

இந்தக் கணக்கில் சாதி வருமா?

கணக்கில் வராது, அதுதான் அதன் பெரிய ஓட்டை. யாரும் எங்கும் நடக்கலாம் என்று எடுத்துக்கொண்டுதான் கம்ப்யூட்டர் திருப்பங்களை எண்ணுகிறது. சித்திரை வீதியிலிருந்து கோயிலுக்குள் ஒரு திருப்பம், ஆழம் 1. ஆனால் தலித் மக்களுக்கும் நாடார்களுக்கும் அந்த ஒரு திருப்பம் 1939 ஜூலை 8 வரை மூடியிருந்தது, அன்றைக்கு மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் முன்னின்று ஆலயப் பிரவேசம் நடந்தது. 1938க்கும் 1940க்கும் தனித்தனியாக வரைபடம் வரைந்தால் தெருவில் ஒரு கோடுகூட மாறியிருக்காது. அக்ரகாரம் உள்ளே, வியாபாரிகள் அடுத்து, உழைக்கும் சாதிகள் வெளியே என்று அழகாக வட்டம் போட்டுக் காட்டும் படங்களும் உண்டு. பொதுப்போக்கு அப்படித்தான், ஆனால் முஸ்லிம்கள் வாழும் காஜிமார் தெருவும் சௌராஷ்டிரர்களின் மகால் பகுதித் தெருக்களும் அந்த வட்டத்துக்குள் ஒழுங்காக அடங்க மாட்டா. குடியிருந்தவர்களிடம் கேட்காமல் அந்தப் படத்தை நம்பாதீர்கள்.

சங்க காலத்திலேயே மதுரை தாமரை வடிவில் இருந்ததாமே?

பரிபாடல் திரட்டில் ஒரு பாட்டு, ஊரைத் தாமரைப் பூவாகவும் தெருக்களை இதழ்களாகவும் நடுவில் உள்ள பொகுட்டை 'அண்ணல் கோயில்' என்றும் சொல்கிறது. அருமையான பாட்டு. ஆனால் பழந்தமிழில் கோயில் என்றால் அரசன் இல்லமும்தான், அந்த இடத்துக்குப் பாண்டியன் அரண்மனை என்று பொருள் கொள்வோர் உண்டு. அப்படியென்றால் நடுவில் இருந்தது இன்றைய கோயில்தான் என்று அந்தப் பாட்டை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இன்று நாம் நடக்கும் அமைப்பு பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலம் தொட்டு உருவானது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

ஸ்ரீரங்கமும் இதே மாதிரிதானே?

மேலிருந்து பார்த்தால். ஸ்ரீரங்கத்தில் வீதிகள் மதில்களுக்கு உள்ளே இருக்கின்றன, ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்குக் கோபுர வாசல் வழியாகத்தான் போக முடியும். மதுரையில் சித்திரை வீதிக்கு வெளியே மதில் கிடையாது, சந்து இருக்கும் இடமெல்லாம் வழி. அதனால் திருப்பக் கணக்கு இரண்டு ஊருக்கும் முற்றிலும் வேறு. புதுச்சேரி இன்னும் வேறு, அது கட்டம் போட்ட ஊர், நடுவில் ஒரு வாய்க்கால். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பழைய வரைபடம் எங்கே கிடைக்கும்?

மனை எல்லைக்கு நகர நில அளவை வரைபடம், டவுன் சர்வே என்று கேட்டால் தெரியும். அரசு இணையதளத்திலேயே வார்டு, பிளாக், சர்வே எண் போட்டு எடுக்கலாம். பழையவற்றுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். வீட்டுப் பத்திரங்களை மறக்காதீர்கள், அவற்றில் நான்கு எல்லை எழுதும் பகுதி ஆய்வாளருக்குத் தங்கம். 'இதற்கு மேற்கு வண்டிப்பாதை' என்று ஒரு வரி இருக்கும், போய்ப் பார்த்தால் அங்கே மூன்று மாடிக் கட்டடம் நிற்கும்.

நடக்கப் போகும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

காலுக்குக் கீழே பாருங்கள் முதலில். மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு வீடு, தெருவிலிருந்து மூன்று படி கீழே இறங்கித்தான் வாசல். கட்டும்போது படி ஏறித்தான் போயிருப்பார்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டும் கான்கிரீட் போட்டும் தெரு உயர்ந்து, திண்ணை தெருமட்டத்துக்கு வந்துவிட்டது. மழைத்தண்ணீர் புகாமல் இருக்க வாசலில் ஒரு சாண் உயரத்துக்குச் செங்கல் தடுப்பு கட்டி அதன்மேலும் அந்த அம்மா கோலம் போட்டிருந்தார். அப்படிப்பட்ட வீடுகளைக் குறித்துக்கொண்டே போனால் எந்தச் சந்து எவ்வளவு பழையது என்று ஒரு தோராயம் கிடைக்கும்.

பிறகு அகலம். டேப் வேண்டாம், கையை விரித்தால் இரண்டு சுவரும் தொடுகிறதா, எதிரே டூவீலர் வந்தால் நீங்கள் யார் வீட்டுப் படியில் ஏறி ஒதுங்குகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் மேலே. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. எந்த முனையிலிருந்து கோபுரம் தெரிகிறது, எந்த முனையில் தண்ணீர்த் தொட்டியும் விளம்பரப் பலகையும் மறைக்கிறது என்று குறியுங்கள், விதி எங்கே செத்தது என்று தானாகத் தெரிந்துவிடும்.

எந்த நேரத்தில் போவது நல்லது?

மூன்று தடவை போங்கள். காலை ஆறு மணிக்கு, கடை திறப்பதற்கு முன், தெருவின் வடிவம் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆட்கள் மட்டும்தான் தெரிவார்கள், அப்போது ஒரு முனையில் ஐந்து நிமிடம் நின்று எந்தப் பக்கம் எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று எண்ணி, மென்பொருள் சொன்ன எண்ணோடு ஒப்பிடுங்கள். மூன்றாவது ராத்திரி பத்து மணிக்கு மேல், அப்போதுதான் எந்தச் சந்துக்குக் கேட் இருக்கிறது என்று தெரியும். சித்திரை வீதிக்குள் வண்டி விட மாட்டார்கள், எங்காவது வெளியே நிறுத்திவிட்டு வாருங்கள். எங்கே நிறுத்தினோம் என்பதையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள், நான் ஒருமுறை ஏழுகடல் தெருப் பக்கம் விட்ட வண்டியை முக்கால் மணி நேரம் தேடியிருக்கிறேன்.